ஜனவரி மாதத்துக் கல்லீரல்

இரண்டு வருடம் எங்கள் வீட்டு எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்றினேன். தாளிக்க ஒன்று, வதக்க இரண்டு, அதற்குமேல் கிடையாது. இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தி. காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் சுண்டல். தேங்காயைக் கண்ணில் காட்டவே இல்லை. என் கணவரின் வயிறு ஒரு விரற்கடைகூட உள்ளே போகவில்லை. எனக்குத்தான் நான்கு கிலோ குறைந்தது.

இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது. நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொறுமையாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், என் கோபத்தைத் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வசந்தி. மதுரை காளவாசலில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். ஊசி போட்டு ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, வருகிற அளவுகளைத் தாளில் அடித்துக் கொடுப்பது என் வேலை. என் கணவர் செந்தில், பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் கபடி ஆடியவர். அவர் தொடையைத் தட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போகும் போட்டோ ஒன்று எங்கள் பீரோவுக்குள் இருக்கிறது. ஊருக்கெல்லாம் உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்கிறவர் வீட்டில்தான் இத்தனை கூத்தும் நடந்தது.

முதல் அறிகுறி எது என்று டாக்டர் பிறகு கேட்டபோது எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது. அவருடைய டிராக் பேண்ட் இடுப்பில் இறுக்கியது, தொடையில் தொளதொளத்தது. வயிறு முன்னால் வர, கையும் காலும் மெலிந்துகொண்டே போயின. வயது நாற்பத்தாறு, இனி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தரையில் உட்கார்ந்து எழும்போது ஒரு கையை ஊன்ற ஆரம்பித்திருந்தார். அதையும் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

அவர் குடிப்பார். அது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. சனியும் ஞாயிறும் மட்டும் என்று ஆரம்பித்தது. பிறகு புதன்கிழமையும் வந்து சேர்ந்துகொண்டது. வார நடுவில் ஒரு நாள் இருந்தால் மனசுக்கு நல்லது என்று அதற்கு ஒரு காரணம். நான் ஏதாவது சொன்னால் உடனே பதில் வரும்.

"குடிகாரன்னா ரோட்டுல கெடக்குறவன் வசந்தி. நான் என்னைக்காவது ஸ்கூலுக்கு லீவு போட்டிருக்கேனா? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நடக்கலையா?"

நடக்கத்தான் செய்தார். நான்கு நண்பர்களோடு தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர். அதே நான்கு பேரோடுதான் சனிக்கிழமை ஒயின்ஷாப்புக்கும் போவார். சனிக்கிழமை உள்ளே போனது ஞாயிற்றுக்கிழமை வேர்வையாக வெளியே வந்துவிடும் என்பது அந்த ஐந்து பேரின் ஆராய்ச்சி முடிவு. ஞாயிறு நடந்து முடித்த கையோடு ஆளுக்கொரு தட்டு குடல் குழம்பும் இட்லியும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நடந்தவனுக்குப் பசிக்காதா என்று கேட்பார்கள்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேர்வையில் சாராயம் போகாது. போனாலும் துளியூண்டு. மிச்சம் எல்லாவற்றையும் கல்லீரல்தான் உடைத்தாக வேண்டும். ஒரு கிராம் சர்க்கரையில் நான்கு கலோரி என்றால் ஒரு கிராம் சாராயத்தில் ஏழு. அது உள்ளே போனால் உடம்பு மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதை முதலில் எரிக்கும். கூடத் தின்ற ஆம்லெட்டும் சுக்காவும் மிக்சரும் அப்படியே கொழுப்பாகப் போய் உட்காரும், முதலில் வயிற்றில், பிறகு கல்லீரலுக்குள்ளேயே. நான் கரண்டியில் அளந்த எண்ணெயெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு? பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற எனக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரிந்துகொண்டே கேழ்வரகை அரைத்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்தும் சும்மா இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடமாக அவர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார். கார்த்திகை ஒன்றாம் தேதி கழுத்தில் மாலை ஏறியதும் வேறு ஆளாகிவிடுவார். செருப்பு கிடையாது, கறி கிடையாது, பாய்கூட இல்லாமல் தரையில் படுக்கை. குடி அறவே இல்லை. முதல் ஒரு வாரம் ராத்தூக்கம் இருக்காது, கை லேசாக நடுங்கும், சட்டை நனையும் அளவுக்கு வேர்க்கும். விரதச் சூடு என்பார். நானும் இளநீர் வாங்கிக் கொடுப்பேன். பழகிய குடியை உடம்பு தேடுகிற நடுக்கம் அது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாலை போட்டிருக்கும் நாட்களில் அவர் சொன்ன சொல் கேட்பார். நானும் எங்கள் மகள் கயலும் அவரை "சாமி" என்றுதான் கூப்பிடுவோம். முகம் வற்றிவிடும், வயிறு கொஞ்சம் இறங்கும், கண் வெள்ளையாகும். மலைக்குப் போவதற்கு முந்தின வாரம், ஜனவரித் தொடக்கத்தில், அவரை எங்கள் நிலையத்துக்கு வரச் சொல்வேன். வருடத்தில் மற்ற நாளில் கூப்பிட்டால் வர மாட்டார். "சாமி, கையை நீட்டுங்க" என்று சொல்லி நானே ரத்தம் எடுப்பேன்.

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் சேதமாகும்போது ரத்தத்தில் கசிகிற நொதிகள்) சரியாக இருக்கும். ஜிஜிடி (குடிக்கிறவர்களுக்கு ரத்தத்தில் கூடுகிற இன்னொரு நொதி) கொஞ்சம் மேல்விளிம்பில் இருக்கும், ஆனாலும் கோட்டுக்குள்தான். எல்லாம் நார்மல் என்று தாளை நீட்டுவேன். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்றே நண்பர்கள் வந்துவிடுவார்கள். அந்தத் தாள் அவருக்கு அடுத்த பத்து மாதத்துக்கு லைசன்ஸ். நான் முகத்தைச் சுளித்தால் அந்தத் தாள் இருக்கிற பீரோவைக் கை காட்டுவார். "நீயே எடுத்த ரத்தம், நீயே அடிச்ச பேப்பர். பெறகென்ன?"

நாற்பத்தெட்டு நாள் குடிக்காமல் இருக்கிற யாருக்கும் அந்த அளவுகள் இறங்கத்தான் செய்யும். இருபது வருடமாக இதையே தொழிலாகச் செய்கிற எனக்கு அது தெரியும். எங்களிடம் வரும் மற்றவர்களிடம் "கடைசியா எப்பக் குடிச்சீங்க?" என்று கேட்டுத்தான் எழுதிக்கொள்வேன். என் புருசனிடம் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நல்ல தாள் எனக்கும் வேண்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பத்து மாதம் நிம்மதியாக இருந்தேன்.

போன சித்திரையில், விடுமுறைக் கபடிப் பயிற்சியில் பிள்ளைகளுக்குக் குதித்துக் காட்டியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாந்தி எடுத்திருக்கிறார். எழுந்து நிற்கக் காலில் வலு இல்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் ஆட்டோவில் ஏற்றி மேலூர் ரோட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். வெயில் மயக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அங்கே யாரோ ஒரு பெண் அவருக்கு ரத்தம் எடுத்திருந்தாள். அவர் கையில் வேறொருத்தி ஒட்டிய பஞ்சைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது. சாயங்காலம் முடிவு வந்தது. ஜிஜிடி இருக்க வேண்டிய அளவைப்போல ஆறு மடங்கு. எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி இரண்டு பங்குக்கு மேல். இந்த விகிதத்தைப் பார்த்தால் எங்கள் தொழிலில் யாரும் பேர்கூடக் கேட்க மாட்டார்கள், குடி என்று சொல்லிவிடுவார்கள். ஸ்கேனில் கல்லீரல் வீங்கி, கொழுப்பேறி இருந்தது. மறுநாள் ஃபைப்ரோஸ்கேன் (விலா எலும்புக்கு மேலே கருவியை வைத்துக் கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் பரிசோதனை) எடுத்தார்கள். தழும்பு விழ ஆரம்பித்திருந்தது.

கல்லீரல் டாக்டர் ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேச மாட்டார். நான் வீட்டிலிருந்து பன்னிரண்டு வருடத் தாள்களையும் ஒரு ஃபைலில் கொண்டுபோயிருந்தேன். இத்தனை வருடம் சரியாக இருந்தது திடீரென்று எப்படிக் கெட்டது என்று நியாயம் கேட்கப் போனவள் போலத்தான் போனேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எல்லாமே ஜனவரி மொத வாரந்தானாம்மா?"

என் கணவர்தான் சொன்னார். "மாலை போட்டிருப்பேன் டாக்டர். அப்பத்தான் தோதுப்படும்."

"அப்ப இது வருசத்துல ஒன்றரை மாசத்தோட கணக்குத்தான சார். மிச்சப் பத்து மாசத்துக்கு யாரு டெஸ்ட் எடுத்தா?"

அவர் என்னைத் திட்டவில்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அந்தத் தாள்களின் கீழே இருந்த கையெழுத்திலேயே இருந்தது. ஃபைலை மூடி என் பக்கமாகத் தள்ளினார். அறையை விட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

பிறகு படம் வரைந்து விளக்கினார். முதலில் கொழுப்பு, பிறகு வீக்கம், பிறகு தழும்பு, கடைசியில் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பாகிச் சுருங்கி இறுகிப்போவது). முதல் இரண்டும் குடியை விட்டால் திரும்பிவிடும். தழும்பும் ஆரம்பத்தில் இருந்தால் ஓரளவு திரும்ப வழியுண்டு. அதற்கப்புறம் கிடையாது. இவர் இப்போது நிற்பது மூன்றாவது படியின் வாசலில். கை கால் மெலிந்ததும் இதனால்தான். கெட்டுக்கொண்டிருக்கிற கல்லீரலும் குடியும் சேர்ந்து தசையைத் தின்றுவிடும், தொப்பை மட்டும் நிற்கும் என்றார்.

என் கணவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம்புட்டு நாளைக்கு டாக்டர் நிப்பாட்டணும்?"

"நாள் கணக்கு இல்ல சார். இனிமே கிடையாது."

"இல்ல, ஒரு மண்டலம், ரெண்டு மண்டலம்னு எதுவும்..."

"கிடையாது சார்."

அவர் முகத்தில் அப்போது வந்த கலக்கம் தழும்பு என்று கேட்டபோதுகூட வரவில்லை. முடியும் தேதி ஒன்று இருந்தால் எதையும் தாங்கிவிடக்கூடியவர் அவர். வெறுங்காலோடு மலையேறியவர். தேதியே இல்லாத விரதம் என்பது அவருக்குப் புரியவே இல்லை.

ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்து, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து, வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார்கள். அடிக்கடி குடிக்கிறவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம். விரதம் என்று சொல்லி வருடா வருடம் நாங்கள் செய்தது எவ்வளவு ஆபத்தான வேலை என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வைக்காதீர்கள்.

அடுத்த மூன்று மாதத்தைப் பற்றி நல்லதாக எழுத ஆசைதான். குடியை விட்டால் முகம் பொலிவாகும், உடம்பு லேசாகும் என்றெல்லாம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். மின்விசிறிச் சத்தம் பிடிக்கவில்லை, கயல் சத்தமாகப் படிப்பது பிடிக்கவில்லை. வாழ்நாளில் இனிப்பைத் தொடாத மனிதர் ஜிலேபியைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்தார். எடை முதல் மாதம் இரண்டு கிலோ ஏறியது. எடை பார்க்கும் மெஷினைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல வந்தது. குடிச்சாலும் தொப்பை, குடிக்காட்டியும் தொப்பையா என்று அவர் கேட்டபோது எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

நடைக்கும் துணை இல்லை. அந்த நான்கு பேரும் ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருவர் வாசலில் நின்று, "மாப்ள, பீர் மட்டும் அடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாய்ங்க, டாக்டர்ட்டக் கேட்டுப் பாரு" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பழங்களை அவர் வண்டியிலேயே திரும்ப மாட்டிவிட்டேன். பீரிலும் இருப்பது அதே சாராயம்தான், தண்ணீர் கூட. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது மாதம் முடிகிற நேரத்தில் உடம்பு கொஞ்சம் வழிக்கு வந்தது. வயிறு மெதுவாக இறங்கியது. முட்டை, பயறு, மீன் என்று டாக்டர் சொன்னபடி கொடுத்தேன். சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்து எழும் பயிற்சியை அவரே செய்தார். பத்து முறை கையை ஊன்றாமல் எழுந்த அன்று கயலைக் கூப்பிட்டு இன்னொரு முறை செய்து காட்டினார். எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனால் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மூன்று மாதம் முடிந்ததும் ரத்தம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். "அன்னைக்கு நார்மல்னு வந்துருச்சுன்னா வைய்யி..." என்று ஒரு முறை ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

அந்த நாளும் வந்தது. எங்கள் நிலையத்தில் நானே ரத்தம் எடுத்தேன். மெஷினில் ஓடி முடிந்து அளவுகள் திரையில் வந்தன. எல்லாம் நார்மல். பன்னிரண்டு வருடமாக நான் அடித்துக் கொடுத்த அதே நார்மல். மற்றவர்கள் வீட்டில் இந்தச் செய்திக்குச் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இந்தத் தாளைக் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று தெரியும். கொடுக்காமல் இருப்பது நான் செய்கிற தொழிலுக்குத் துரோகம் என்பதும் தெரியும்.

தாளை மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தேன், டாக்டரிடம்கூடக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"என்ன வந்துச்சு?"

"பிரிண்டர் ரிப்பேரு. பேப்பர் பெறகு கொண்டாரேன். ஆனா இன்னும் கூடத்தாங்க இருக்கு. டாக்டர் சொன்ன மாதிரி இருந்துக்கிருங்க."

"கூடன்னா?"

"பாதிக்குத்தான் எறங்கியிருக்கு."

அவர் காலண்டரில் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயந்துவிட்டார், இனி பத்திரமாக இருப்பார் என்று நான் நினைத்தேன். என்னைவிட முட்டாள் அன்றைக்கு மதுரையில் இருந்திருக்க மாட்டாள்.

ஆவணியில் உசிலம்பட்டிப் பக்கம் அவர்களுடைய குலசாமிக்குக் கெடா வெட்டு. கருப்புசாமிக்குக் கெடாயோடு சாராயமும் சுருட்டும் படைப்பார்கள். படைத்ததைப் பங்காளிகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். அவருடைய அண்ணன்தான் அந்த வருடம் பொறுப்பு. நான் முன்கூட்டியே போன் செய்து நிலைமையைச் சொல்லியிருந்தேன். "நான் பாத்துக்கிறேம்மா, நீ கவலப்படாத" என்றார். படையல் முடிந்ததும் அவரே டம்ளரை நீட்டினார்.

"சாமிக்குப் படைச்சதுடா தம்பி. இத வேணாங்கப்படாது. ஒரு வாய் மட்டும் நனச்சுக்க."

நான் நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே வாங்கினார். ஒரு சாமிக்காக நாற்பத்தெட்டு நாள் நிறுத்துகிறவர், இன்னொரு சாமி பேரைச் சொன்னதும் ஆரம்பித்துவிட்டார். பொம்பளைகள் நின்று சத்தம் போடுகிற இடம் இல்லை அது. நான் போட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரு வாயோடு நிற்கவில்லை. மதுரைக்குத் திரும்பியும் பதினோரு நாள் தொடர்ந்தது. முன்பு வாரத்தில் மூன்று நாளாக இருந்தது இப்போது தினமும் ஆனது. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

"மூணு மாசம் ஒரு சொட்டுத் தொடாம இருந்தேன். அப்பயும் பாதிக்குத்தான் எறங்கியிருக்குன்ன. குடிக்காட்டியும் எறங்காதுன்னா, குடிச்சுட்டே போறேன்."

உண்மையை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நார்மல் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அதற்காகவும் குடிப்பார் என்று மறுபடியும் கணக்குப் போட்டேன். பன்னிரண்டாவது நாள் காலையில் அவர் கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போயிற்று. திரும்பவும் மேலூர் ரோடு, அதே நடைபாதை, அதே பச்சை நாற்காலிகள்.

இந்த முறை ஒன்பது நாள். மூன்றாவது நாள் அவர் கொஞ்சம் தெளிந்திருந்தபோது, டாக்டர் முன்னாலேயே கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். மடித்த இடத்தில் நைந்து போயிருந்தது. அவர் வாசித்தார். எனக்கு அவர் கத்தினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நல்லாயிருச்சா?" என்று கேட்டார். "நல்லாயிருந்தத நான் திரும்பவும் கெடுத்துக்கிட்டேனா?"

"நாந்தாங்க பொய் சொன்னேன்."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "நீங்க நார்மல்னு சொல்லியிருந்தாலும் அந்தக் கெடா வெட்டு நடந்திருக்கும்மா. அவரும் வாங்கிக் குடிச்சிருப்பாரு. இத்தன வருசமா அவரு உங்க பேப்பருக்காகக் குடிக்கல, பேப்பர ஒரு சாக்கா வச்சுக்கிட்டாரு. ஆனா ஒண்ணு செய்யுங்க. இனி அவரு ரத்தத்த நீங்க எடுக்காதீங்க. அவரும் நானும் பாத்துக்கிறோம்."

நான் சொன்ன உண்மைகளைக் கேட்டும் அவர் குடித்தார், நான் சொன்ன பொய்யைக் கேட்டும் குடித்தார். இது புரிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடம் எண்ணெயையும் உப்பையும் நொதிகளையும் அளந்து அளந்து என் கையில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை.

இப்போது பள்ளிக்கு மறுபடியும் போகிறார். மதியம் மூன்று மணிக்கு மேல் களைத்துவிடுகிறார். பிள்ளைகளோடு ஓடுவதில்லை, கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். அதில் அவருக்கு வருத்தம் உண்டு. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு வியாழக்கிழமை தோறும் போய்வருகிறார். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று சொல்வதில்லை. எடை எட்டு கிலோ குறைந்திருக்கிறது, அதில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று தெரியவில்லை. ஃபைப்ரோஸ்கேன் அளவு சித்திரையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடித்தான் நிற்கிறது. அந்தப் பதினோரு நாளுக்கான கூலி அது.

முழுக்கத் திருந்திவிட்டார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சண்டை வந்தால் "நீதான பொய் சொன்ன" என்று இப்போதும் எடுக்கிறார். இந்த வருடம் மாலை போடவில்லை. ஏன் என்று அண்ணன் போனில் கேட்டதற்கு, "போட்டா கழட்டணும்ல, அதான் போடல" என்று சொன்னது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. காலண்டரில் கோடு எதுவும் இல்லை. எத்தனை நாளாயிற்று என்று நானும் எண்ணுவதில்லை. எண்ண வாயெடுத்தால் கயல் என் வாயைப் பொத்துகிறாள்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பள்ளியிலிருந்து வர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம். போன் எடுக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பையை வாங்குவதுபோலக் கிட்டே போய், அவர் முகத்துக்கு நேராக மூச்சை இழுத்தேன். எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் அசையாமல் நின்றார்.

"ஊதிக் காட்டவா?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. கோபமாகவும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார். பருத்திப்பால் குடித்திருக்கிறார். சுக்கும் கருப்பட்டியும் மணத்தன. டயர் பஞ்சராகி, ஒட்டுகிற வரைக்கும் பக்கத்துக் கடையில் நின்று குடித்தாராம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே இருந்த பையை எடுத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு தடவ ஊதவா வசந்தி?" என்று கேட்டார்.

ஊதச் சொன்னேன்.